விருந்தாளிக்கு விளக்குப் போட அனுமதி இல்லை

அந்த வீட்டில் விளக்குப் போடுவது முன்பெல்லாம் ஒரு வேலையாகவே இருந்ததில்லை. சுவரில் சுவிட்ச் இருந்தது, கையில் விரல் இருந்தது, அவ்வளவுதான். இப்போது சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, டேப்பின் மேல் "தொடாதீர்கள்" என்று மகள் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள். எல்லாம் அப்பா வாங்கி வந்து மாட்டிய புத்திசாலிப் பல்புகளின் புண்ணியம்.

சுவிட்சை அணைத்தால் அந்தப் பல்புகளுக்கு மறதி வந்துவிடும். திரும்பப் போட்டால் தாங்கள் எந்த வீட்டுப் பல்பு, எந்த அறைப் பல்பு என்று தெரியாமல், கூட்டத்தில் வழி தவறிய பிள்ளைகள் மாதிரி மலங்க மலங்கக் கண் சிமிட்டும். அப்புறம் அப்பாவே நாற்காலி போட்டு ஏறி, ஒவ்வொன்றையும் போனுக்கு அறிமுகம் செய்து, புதிதாகப் பெயர் சூட்டி இறங்க வேண்டும். பகல் முழுக்க இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஊரார் விபத்துகளைப் படித்துவிட்டு வரும் மனிதர் அவர். வீட்டுக்கு வந்தும் அவருக்குக் கொஞ்சம் வேலை தேவைப்பட்டது போலும். அவர் மனைவிக்குத் தேவைப்படவில்லை.

அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். காலையில் வரிசையாக நீளும் கைகளில் நரம்பு தேடி ரத்தம் எடுப்பாள். மதியத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், நிமிரும்போது எதிரே நிற்பவரின் முகத்திலும் சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரியும். அப்படி வீடு வந்து சேர்கிறவளின் விரல், பழக்க தோஷத்தில் தானாகச் சுவரைத் தேடிப் போகும். டேப்புக்கு மேலேயே அமுக்கிவிடுவாள். இருட்டாகும். பதறிப்போய் மறுபடி அமுக்குவாள். ஹால் முழுக்கக் கண் சிமிட்டும்.

"மறுபடியுமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் நாற்காலியைத் தூக்குவார். கோபமே இருக்காது அந்தக் குரலில். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். மைக்ராஸ்கோப்பைக் கட்டி மேய்ப்பவளுக்கு ஒரு பல்பு எரிக்கத் தெரியவில்லை என்று அந்தப் பொறுமை சொல்லாமல் சொல்லும்.

கடைசியில் ஒரு நாள், "உன் போன்லயே போட்டுத் தர்றேன். இனிமே சுவிட்ச் பக்கமே போக வேண்டாம்" என்று அவளுடைய பழைய போனை வாங்கி ஏதோ செய்து, எங்கே தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். அவள் குளிக்கப் போகிற அவசரத்தில் இருந்தாள். என்ன செய்தார் என்று கேட்கவில்லை. குளியலறைப் பல்பு வேறு அவளுக்காகக் காத்திருந்தது. அசைவு தெரிந்தால்தான் அது எரியும். தலைக்கு சோப்புப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றால் அணைந்துவிடும்.

அன்றைக்கு லேபில் கூட வேலை செய்கிறவள் வரவில்லை. அவள் பங்கு வேலையும் இவள் தலையில் விழுந்தது. ஊசியைப் பார்த்ததும் ஒரு குழந்தை உதைத்த உதையில் முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு டீயைக் குடித்துவிட்டுக் காலை நீட்டினால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்ற ஒரே நினைப்போடு வந்து கதவைத் திறந்தாள். வீடு இருட்டாக இருந்தது.

அவள் வரும்போது விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். நேரம் பார்த்துத் தானாக எரிகிறது என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. கணவரின் போன் வாசலுக்கு வந்தால்தான் அவை கண் திறக்கும். இன்றைக்கு அவர் மகளை டியூஷனில் இருந்து அழைத்து வரப் போயிருந்தார். அவளுடைய போனை அந்தப் பல்புகள் மதிக்கவில்லை.

கை சுவரை நோக்கிப் போனது. டேப் விரலில் பட்டதும் இழுத்துக்கொண்டாள். போனை எடுத்து, கற்றுக்கொடுத்த இடத்தைத் தொட்டாள். திரையில் வந்தது: "நீங்கள் இந்த வீட்டின் விருந்தாளி. விளக்குகளை இயக்க உரிமையாளரின் அனுமதி தேவை. கேட்கலாமா?"

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. திரும்பப் படித்தாள். இரண்டாவது தடவை சிரிப்பு வரவில்லை. மழை பெய்தால் எந்த ஜன்னல் இறுகிக்கொள்ளும், எந்தக் குழாயை எந்த அளவுக்குத் திருகினால் சொட்டாது, எந்த அலமாரிக் கதவை இடுப்பால் இடித்து மூட வேண்டும் என்று இந்த வீட்டின் நாடி நரம்பெல்லாம் அறிந்தவள் அவள். கீழே இருந்த பட்டியலைப் பார்த்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் படம். குடும்ப உறுப்பினர் என்ற இடத்தில் மகள், நாக்கைத் துருத்திக்கொண்டு. அதற்கும் கீழே, விருந்தாளிகள் என்ற தலைப்பில், படம்கூட இல்லாத ஒரு வட்டமாக அவள். நிஜமாகவே வலித்தது. முழங்காலை விட அதிகமாக வலித்தது.

"கேள்" என்பதை அமுக்கினாள். "உங்கள் வேண்டுகோள் அனுப்பப்பட்டது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்றது.

சரி, காத்திருப்போம் என்று முடிவு செய்தாள். செருப்பை வாசலோரம் ஒழுங்காக விட்டாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அவர் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் ஹால் விளக்கு மெல்ல மெல்ல, பெரிய மனது பண்ணி எரிந்தது. அப்பாவும் மகளும் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள்.

"ஏன் இருட்டுல உக்காந்திருக்க?"

"அனுமதி கேட்டிருந்தேன். இன்னும் வரலை."

அவர் போனை எடுத்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. "அட, இது சும்மா ஒரு பேருக்கு. உன்ன அவசரத்துல சேர்த்தேன். விருந்தாளின்னா ஒரே அமுக்குல முடிஞ்சுடும், மத்ததுக்கெல்லாம் இமெயில், பாஸ்வேர்டுன்னு உயிரை வாங்கும். சரி விடு, டீ போடலியா?"

"விருந்தாளி சமையலறைக்குள்ள போனா நல்லாவா இருக்கும்?" என்றாள் அவள். பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, நீ வெளையாடுறியா?"

"இல்லம்மா. நீ எந்தக் காலேஜ்ல படிக்கிற? பாக்க அப்படியே உங்க அப்பா மாதிரி இருக்க."

மகளுக்குப் புரிந்துவிட்டது. பொங்கி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவின் முதுகில் கை வைத்துச் சமையலறைப் பக்கம் தள்ளினாள். "வீட்டுக்கு வந்தவங்களுக்கு டீ குடுப்பா."

"எதுக்குங்க சிரமம், இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்று அவள் ஹாலிலிருந்தே குரல் கொடுத்தாள். விருந்தாளிகள் சொல்கிற பொய்தான். சொல்லும்போதே நாக்கு டீக்கு ஏங்கியது.

சமையலறையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. "சர்க்கரை எங்க இருக்கு?" என்றார் அவர்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் இந்த வீட்டுக்குப் புதுசு."

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் ஓசை வந்தது. நடுவில் ஒரு தடவை "தூ" என்று துப்பினார்; உப்பு டப்பாவாக இருந்திருக்கும். பிறகு அமைதி. அவர் அடுப்பின் முன்னால் நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. சமையலறைப் பல்பும் அசைவைப் பார்த்து எரிகிற ஜாதிதான். அசையாமல் நிற்பவரை ஆளாகவே மதிக்காது.

விளக்கு அணைந்தது. "ஏய்" என்றார் அவர் பல்பைப் பார்த்து. சட்டையுரசும் சத்தம், கையை வீசியிருப்பார். எரிந்தது. மறுபடி அணைந்தது. "அட ச்சை" என்பதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீயும் வாசனை ஹாலுக்கு வந்துவிட்டது.

அவளுடைய உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது. பால் பொங்கினால் எழுந்து ஓடுவது எலும்பிலேயே ஊறிப்போன விஷயம். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

கையில் டம்ளரோடு அவர் வந்தார். சட்டையில் பால் தெறித்திருந்தது. டம்ளரை நீட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"தினமும் இப்படித்தான் கையை ஆட்டிக்கிட்டே சமைக்கிறியா?"

"ஒரு கையால கிண்டுவேன், இன்னொரு கையால டாட்டா காட்டுவேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஆட்டோமேட்டிக்னா அப்படித்தான் இருக்கும், பழகிடும்னு சொன்னீங்க."

சொன்னது அவருக்கும் நினைவு வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

டீயில் சர்க்கரை அதிகம். தீய்ந்த வாடை வேறு. இருந்தாலும் அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். யாரோ போட்டு, யாரோ கொண்டுவந்து கையில் கொடுத்த டீ. எதிர்பாராமல் கண் நிறைந்துவிட்டது. கோபத்தில் ஆரம்பித்த விளையாட்டு இது. ஆனால் கோபம் டம்ளரின் பாதியிலேயே தீர்ந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது வெறும் அலுப்பு. இத்தனை வருஷ அலுப்பும் ஒரே நேரத்தில் உட்கார இடம் கேட்டது போல இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு மகள் முட்டையும் ரொட்டியும் செய்தாள். அப்பா பக்கத்தில் நின்று பல்புக்காகக் கை வீசினார். தட்டு அவள் இருந்த இடத்துக்கே வந்தது. கழுவ எழுந்தவளை மகள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீங்க உக்காருங்க ஆன்ட்டி."

சாப்பிட்டு முடித்ததும் அவர் இரண்டு போன்களையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு குனிந்தார். தப்பைச் சரிசெய்தாக வேண்டும் என்கிற தீவிரம் முகத்தில் இருந்தது. மகள் பின்னால் நின்று யோசனை சொன்னாள். பாஸ்வேர்டு தவறு என்றது. இமெயிலுக்கு எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. நீங்கள் மனிதர்தானா, படங்களில் உள்ள பாலங்களைத் தொட்டுக் காட்டுங்கள் என்றது. அவர் வியர்க்க வியர்க்கப் பாலங்களைத் தொட்டார்.

"முடிஞ்சுது" என்று போனை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "விருந்தாளியும் இல்ல, உறுப்பினரும் இல்ல. இனிமே நீதான் உரிமையாளர்."

வாழ்த்துகள் என்று திரையில் வண்ணத் துகள்கள் பறந்தன. அவளுக்கு உள்ளூர இனித்தது, பொய் சொல்வானேன். அந்த இனிப்பு அடுத்த செய்தி வரும்வரைதான் இருந்தது. "உரிமையாளர் மாறியதால், பாதுகாப்புக் கருதி எல்லா விளக்குகளும் நீக்கப்பட்டன. ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்கவும்." ஹால், சமையலறை, குளியலறை, எல்லாம் ஒரே நேரத்தில் மலங்க மலங்கக் கண் சிமிட்ட ஆரம்பித்தன.

"இனிமே எங்க போன்ல ஒண்ணும் முடியாது, அம்மா" என்றாள் மகள். "உன் போன்லதான் பண்ணணும்."

"நாற்காலி எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் அவர்.

இருவரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதில்லை. கேஸ் தீர்ந்தால், சாக்ஸ் காணாமல் போனால், யாருக்காவது காய்ச்சல் வந்தால், இந்த வீட்டின் கண்கள் இப்படித்தான் அவள் பக்கம் திரும்பும். உரிமையாளர் என்றால் என்ன அர்த்தம் என்று எந்தப் போனும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் எழுந்தாள். சுவரில் இருந்த டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சுவிட்சுகளை எல்லாம் அணைத்தாள். சிமிட்டல் நின்றது. தெரு விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தரையில் கொஞ்சம் விழுந்திருந்தது. அது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. போனை அவர் கையில் வைத்தாள்.

"இதைத் திருப்பி உங்க பேருக்கே மாத்திக்கோங்க. என்னை விருந்தாளியாவே போட்டுடுங்க."

"அது எப்படி? இது உன் வீடு."

"என் வீடுதான், யார் இல்லைன்னா? ஆனா இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் இங்க எனக்கு ஒருத்தர் டீ போட்டுக் குடுத்தாங்க. என்னால முடியலைங்க. ரொம்ப அலுப்பா இருக்கு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அந்த இருட்டிலும் அவருக்குப் புரிந்தது. அவள் சோபாவில் உட்கார்ந்தாள், இந்தத் தடவை நுனியில் இல்லை. வீங்கிய காலைத் தூக்கி மேலே போட்டுக்கொண்டாள்.

அவர் போனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். பாத்திரம் எடுக்கும் சத்தம், ஒரு டப்பாவின் மூடி திறக்கும் சத்தம்.

"சர்க்கரை பச்சை மூடிதானே?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியும். பதில் உதடு வரைக்கும் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தாள்.

"சரி, நானே பாத்துக்கிறேன்" என்றது குரல், உள்ளேயிருந்து.