ஒன்றும் ஆறும் சேர்ந்தே ஏறும்

எங்கள் தண்ணீர் வண்டி ஐம்பத்திரண்டாம் வருஷத்து லாரி. முதுகில் முந்நூறு கேலன் தொட்டி, ஒரு பம்பு. நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் புல் பற்றிக்கொண்டால் டவுனிலிருந்து வண்டி வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அவரவர் லாரிதான்.

போன குளிர்காலத்தில் அதன் இன்ஜின் போனபோது, எட்டு சிலிண்டர் வாங்கலாம் என்றான் தம்பி டெல்மர். நான்தான் பிடிவாதமாக, பழைய பள்ளி பஸ்ஸிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர் இன்ஜினைத் தேர்ந்தெடுத்தேன். ஆறும் ஒரே வரிசையில் நிற்கும். இருபக்கமும் கை நுழைய இடம் இருக்கும். மாட்டும் முறையை எண் போட்டு எழுதி, பானட்டின் உள்பக்கம் ஒட்டியும் வைத்தேன்.

ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று திசை திரும்பியது. ஓடுகிற வண்டிகளெல்லாம் காலையிலேயே தெற்கு எல்லைக்குத் தீயணைக்கப் போய்விட்டன. எங்கள் அறுபத்திரண்டு பசுக்கள் வடக்கு மேய்ச்சலில். பக்கத்துப் பண்ணை ஐவோ ரேடியோவில் கத்தினார்:

"ஆர்லிஸ்! தீ பாலத்தைத் தாண்டிருச்சும்மா. உங்க மாட்டுப் பக்கந்தான் போகுது. லாரிய எடுங்க!"

டெல்மர் சாவியைத் திருப்பினான். 'டப்'பென்று வெடித்து, கார்புரேட்டர் வழியாக நெருப்பு எட்டிப் பார்த்தது. கோணிப்பையால் அமுக்கினேன்.

"என்னக்கா, அணைக்கப் போற வண்டியே கொளுத்துது?"

"வாய மூடிட்டு மறுபடி சுத்துடா."

மறுபடி வெடி.

"வயர மாத்திப் போட்டுட்டியா?"

"ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு. தாள்ல இருக்கிறபடியேதான்டா இருக்கு!"

பிளக்குகளுக்கு முறைவைத்துத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை புதன்கிழமை நான்தான் கழற்றி மாட்டியிருந்தேன். புல் அறுப்பு அவசரத்தில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை.

வானம் பழுப்பாகிவிட்டது. ஸ்டார்ட்டர் முனக ஆரம்பித்தது, பேட்டரி செத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, மாடு கத்துது. கேக்குதா? ஏதாவது பண்ணேன்க்கா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த இன்ஜினில் முதல் பிஸ்டன் மேலே வரும்போது ஆறாவதும் கூடவே வரும். இரண்டில் எதற்குத் தீப்பொறி முறை என்று இன்ஜின் சக்கரத்திலுள்ள அடையாளக்கோடு சொல்லாது. முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் விரல் வைத்துக் காற்று முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. என் தாளிலும் அந்த வரி இல்லை.

பிளக்கைக் கழற்றினேன்.

"சாவிய லேசா தட்டு. நிறுத்து!"

கோடு நேராக நின்றது. விரலில் காற்றே முட்டவில்லை. ஆறாவதன் முறைக்கு ஒன்றாவதை மாட்டியிருக்கிறேன்.

பிளக்கைத் திருகிவிட்டு, ஒவ்வொரு வயரையும் பிடுங்கி நேர் எதிர்முனையில் செருகினேன்.

"கடைசித் தடவைக்கா. இதுக்கு மேல பேட்டரி இல்ல."

பிடித்துக்கொண்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாடுகள் காற்றாலைத் தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. மந்தையின் தெற்கு ஓரத்தில் நின்றவற்றைத் தீ ஏற்கெனவே தொட்டிருந்தது. மிச்சமிருந்தவற்றைச் சுற்றி நனைத்தோம். லாரித் தொட்டி காலியாகும் நேரத்தில் தீ இரண்டாகப் பிரிந்து எங்களைத் தாண்டிப் போனது.

வெந்தும் சாகாமல் கிடந்த மாடுகளுக்காக டெல்மர் சீட்டுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுத்தான். நான் கை நீட்டினேன்.

"குடுடா. என் தப்பு, நானே செய்றேன்."

"நீ இன்ஜின் அணையாம பாத்துக்க. அணைஞ்சா திரும்ப எடுக்காது."

உட்கார்ந்து ஆக்சிலரேட்டரில் காலை வைத்திருந்தேன். இன்ஜின் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. அதனால் எல்லாமே கேட்டது. பத்தொன்பது வெடி.