நாற்பத்தொரு பேர் கேட்ட பாட்டு

காலை ஐந்தரைக்கு எழுந்து அவன் வெந்நீர் வைப்பான். அவள் அதில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு, ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறு மணிக்கு அன்றைய பாட்டைப் பாடிப் பார்ப்பாள். அவன் ஒரு கையால் பல் துலக்கிக்கொண்டே இன்னொரு கையால் மைக்கைச் சரிசெய்து, சத்தம் அளக்கும் மானியின் முள்ளைப் பார்ப்பான். ஆறு பத்துக்குக் கீழ்வீட்டில் இருந்த, ஒரு காலத்தில் ஆலைக் கொதிகலனில் வேலை பார்த்த கொதிகலன்காரர் மாடியேறி வந்து, சத்தம் தாங்க முடியவில்லை என்று புகார் செய்வார். அவருக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அடுத்த தெருவில் சிலிண்டர் வெடித்தபோது திரும்பிக்கூடப் பார்க்காதவர் அவர். அந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருஷம் இதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் புகாரை ஆராய்வதில்லை. மன்னிப்புக் கேட்டு ஜன்னலைச் சாத்துவார்கள், அவ்வளவுதான்.

அவளே எழுதி, அவளே மெட்டமைத்து, அவளே பாடுவாள். பதிவு செய்வது அவன் வேலை. நல்ல காதுக்காரன் என்று தொழிலில் பேர். ஓடும் நாலு மின்விசிறியில் எதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். கல்யாணமாகி மூன்றாம் மாதம், பழுதான லிஃப்டில் சண்டை போட்டுக்கொண்டே சிக்கிக்கொள்ளும் காதலர்களைப் பற்றி அவள் ஒரு பாட்டு எழுதினாள். அது ஊரைப் பிடித்து ஆட்டியது. சலூனில், பேருந்தில், பல் டாக்டரின் வரவேற்பறையில், எங்கே போனாலும் லிஃப்ட் நின்றுகொண்டிருந்தது. மூன்று வருஷத்தில் ஆறு தொகுப்புகள் வந்தன. குடை விளம்பரத்தில் அவள் முகம் வந்தது. காய் வாங்கப் போனால் கூட்டம் கூடியதால், காய் வாங்குவதும் அவன் வேலையாயிற்று.

நாலாம் வருஷம் ஒரு நெசவாலை தன் ஆண்டு விழாவுக்கு அவளை அழைத்தது. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே இருந்த முதல் வரிசையில் மேனேஜர் தறிக்கூடத்துப் பெண்கள் நாற்பத்தொரு பேரை உட்கார வைத்திருந்தார். விருந்தாளிகளுக்கு இரைச்சல், இவர்களுக்கு என்ன வந்தது என்பது அவர் கணக்கு. தறிச் சத்தத்திலேயே இருந்து அத்தனை பேருக்கும் காது போயிருந்தது. இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது. கூட்டம் கூச்சல் போட்டது. அவள் மைக் இல்லாமல் பாடிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வரிசைக்கு ஒன்றும் எட்டவில்லை. முதல் வரிசை மட்டும் தாளம் தப்பாமல் கை தட்டியது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

விழா முடிந்ததும் அவர்களில் மூத்தவள் மேடைக்குப் பின்னால் வந்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். ஆலைச் சங்கு மாதிரி என்று அவளுக்குச் சங்கு என்றே பெயர் வைத்திருந்தார்கள். கூடவே மகளையும் இழுத்து வந்திருந்தாள்.

"ஏம்மா, இவ ஏதோ சொல்லிக்கிட்டே இருக்கா, நானும் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே இருக்கேன். என்னான்னு கேட்டு, கொஞ்சம் பாடிக் காட்டேன்."

மகள் சொன்னதைக் கேட்டு அவள் பாடிக் காட்டினாள். கண்ணாடி உடைந்துவிட்டது, புதுசு வேண்டும், வகுப்பில் பலகை தெரியவில்லை, மூன்று மாதமாகச் சொல்கிறேன் என்பதுதான் பாட்டு. சங்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பு குவிந்தது. பதிவு செய்த பாட்டு அந்தப் பெண்களுக்குக் கேட்காது, அவளே வாய் திறக்க வேண்டும். டாக்டர் சீட்டு, பள்ளிக்கூட அறிக்கை, வெளியூர் போன மகனின் செய்தி, புருஷன்மார் முணுமுணுத்த மறுமொழி என்று எல்லாவற்றையும் பாடினாள். கடைசி வகையில் சிலவற்றைப் பாடாமல் விட்டாள். ஒரு நாள் ஆலை அறிவிப்புப் பலகையிலிருந்து அவர்கள் எடுத்து வந்த தாளைப் பாடிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, அதைத் திரும்பப் படித்தாள். காது கேளாமை வயதால் வருவது, அதற்கு ஆலை பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. நாற்பத்தொரு பேரில் இளையவளுக்கு வயது இருபத்தாறு.

அன்றோடு லிஃப்ட் பாட்டு முடிந்தது. மானியைச் சோற்று டப்பாவுக்குள் வைத்துச் சங்கு தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். அளவு நூற்றிரண்டு டெசிபல் என்று வந்தது. சட்டப்படி தொண்ணூறைத் தாண்டக் கூடாது. நூத்திரெண்டு, நூத்திரெண்டு என்பதையே பல்லவியாக வைத்து அவள் ஒரு பாட்டுப் போட்டாள். தொழிலாளர் சட்டத்தின் பிரிவுகளைச் சரணமாக்கினாள். கல்லூரிப் பிள்ளைகள் எதற்கு ஆடுகிறோம் என்று தெரியாமலே உட்பிரிவுகளுக்கு ஆடினார்கள். இசை நிறுவனத்துக்காரர் நேரில் வந்து, லிஃப்டுக்கு இரண்டாம் பாகம் எழுதக் கூடாதா என்று கேட்டார். அதில் இருந்தவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள் என்று சொல்லி அவருக்குக் காபி கொடுத்தாள். குடைக்காரர்கள் வேறு முகம் தேடிக்கொண்டார்கள். காய் வாங்க அவள் தானே போக முடிந்தது.

பெண்கள் நஷ்டஈடு கேட்டு ஆலை மேல் போட்ட வழக்கு தொழிலாளர் நல அதிகாரி முன் விசாரணைக்கு வந்தது. ஆலை வக்கீல் கெட்டிக்காரர். இந்தப் பெண்கள் பாடகியின் பாட்டைக் கேட்டு அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், தாளம் போடுகிறார்கள், ஊரே சாட்சி, அப்படியானால் காது கேட்கிறது என்றார். அடுத்த வாரம் அவள் நேரில் வந்து பாட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பெண்கள் அசைந்தால் வழக்கு தோற்கும். அசையாமல் உட்கார்ந்தால் பொய்யாகும். எதற்கு அவர்கள் வாழ்வில் பாட வந்தோம் என்று அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் பழக்கம் மாறாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயையும் மூடி, மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். மானியின் முள் தூங்கிக்கொண்டிருந்தது. ஆறு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது.

"இன்னிக்கு என்ன புதுசா? ரெண்டாவது சரணத்துல இடிக்குதே," என்றார் கொதிகலன்காரர்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மானியைப் பார்த்தான். தன் நல்ல காதால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது அப்போதுதான். அவள் இரண்டாவது சரணத்தைத் திருத்தி எழுதினாள்.

விசாரணை அறையில் பெண்கள் அவளைப் பார்க்காதபடி சுவரைப் பார்த்து உட்கார வைக்கப்பட்டார்கள். அதிகாரி முதலில் அவர்களுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தட்டைக் கீழே போடச் சொன்னார். ஒரு தலையும் திரும்பவில்லை. மானியை மேசை மேல் வைத்தார்கள். அவள் எழுந்து, வாய் மூடி நின்றாள். ஒரு நிமிஷம் போயிற்று. எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று அவளைக் கேட்பதற்காகக் குமாஸ்தா பெண்களுக்கும் சுவருக்கும் நடுவே வந்து நின்று தொண்டையைச் செருமினார். அவர் வாய் அசைவதைச் சங்கு பார்த்துவிட்டாள்.

"யோவ், குறுக்க வராத. பாட்டு போயிட்டிருக்குல்ல."

நாற்பத்தொரு ஜோடிக் கைகள் ஒரே தாளத்தில் தட்டின. இரண்டாவது சரணத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். அறையில் வேறு சத்தமே இல்லை. நாலாவது நிமிஷம் தட்டுவது நின்றது. அவள் உட்கார்ந்தாள். அதிகாரி ஆளுக்கொரு தாள் கொடுத்துக் கடைசி வரியை எழுதச் சொன்னார். எழுதத் தெரியாதவர்களைத் தனித்தனியே அழைத்துக் குமாஸ்தா எழுதிக்கொண்டார். நாற்பத்தொரு தாளிலும் ஒரே வரி இருந்தது. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டில் இப்படி எழுதினார்: பாடகி பாடவில்லை, பெண்கள் கேட்டார்கள், ஆகவே கேட்டது காதால் அல்ல. காது விஷயத்தில் ஆலையே பொறுப்பு என்று முடித்தார். வக்கீல் மானியைத் தட்டிப் பார்த்தார். அது சரியாகத்தான் வேலை செய்தது.

தறிக்கூடம் இடித்துக் கட்டப்பட்டது. அடுத்த நாலு வருஷத்தில் அவள் பதினோரு ஆலைகளுக்கும் மூன்று கல்லுடைக்கும் இடங்களுக்கும் ஒரு கப்பல் பட்டறைக்கும் போனாள். போன இடமெல்லாம் வாய் மூடி நின்றாள், போன இடமெல்லாம் ஜெயித்தாள். மேடைகளில் அவளைப் பேச வேண்டாம், நின்றால் போதும் என்று அழைத்தார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. நுரையீரலுக்குப் போயிற்று. தொண்டையில் குழாய் போட்டார்கள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

குழாய் போட்ட ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி நடைவழியில் பெண்கள் நின்றார்கள். சில நேரம் சிரித்தார்கள். செவிலி வந்து அதட்டினாள், அவர்களுக்கு அது கேட்கவில்லை. என்ன பாடுகிறாள் என்று அவன் சங்கிடம் சைகையால் கேட்டான். சங்கு முதல் முறையாகக் கத்தாமல் பேசினாள். "உன்னைப் பத்திதான்பா. நான் சொன்னா மெட்டு போயிடும்."

பத்தாம் நாள் அவள் இறந்தாள். பாட்டு நிற்கவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். கொதிகலன்காரரும் மறுநாள் ஆறு பத்துக்கு மாடியேறி வந்தார், புகார் செய்யாமல் நின்றுவிட்டு இறங்கினார். இப்போது அந்தப் பெண்களின் தொழிற்சங்கக் கூட்டம் ஞாயிறுதோறும் அவன் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கிறது. சந்தேகம் வந்தால் பேச்சை நிறுத்தி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தீர்மானம் போடுகிறார்கள். இதுவரை ஒரு தீர்மானமும் தோற்றதில்லை. அவன் டீ போட்டுக் கொடுக்கிறான். மானியை அலமாரியில் வைத்துவிட்டான்.

அவளுடைய கடைசி வார்த்தை என்று பத்திரிகைகளில் வந்தது பெண்கள் கேட்டுச் சொன்ன ஒரு பாட்டு வரி. நல்ல வரிதான், அவன் மறுக்கவில்லை. அவள் வாய்விட்டுச் சொல்லி அவன் காதால் கேட்டது, குழாய் போடக் கூட்டிப்போகும்போது, அவன் சட்டையைப் பிடித்திழுத்துச் சொன்னது:

"காலரெல்லாம் அழுக்கு. வீட்டுக்குப் போய் மாத்திட்டு வா, நான் எங்க போயிடப் போறேன்."