உப்புப் போட்ட ஐஸ்

நொதியம் சேர்க்காத குழாயிலும் டீ.என்.ஏ. வெட்டுப்பட்டுக் கிடந்தது. விதுர்ஷா அதைத்தான் திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்தாள்.

இருட்டறையில், டீ.என்.ஏ.யைப் பிரித்துக் காட்டும் ஜெல் ஊதா வெளிச்சத்தின் மேல் மினுங்கியது. ஆறு குழாய்க்கு ஆறு வரிசை. நொதியமே படாத முதல் வரிசையில் நெல்லின் டீ.என்.ஏ. உச்சியில் ஒரே பட்டையாக நிற்க வேண்டும். மற்ற வரிசைகளில், வெட்டுகிற நொதியம் கூடக் கூட, அது துண்டுபட்டுக் கீழே இறங்க வேண்டும். இங்கே ஆறும் மதிலில் வழிந்த சாயம்போல மேலிருந்து கீழ்வரை இழுபட்டுக் கிடந்தன.

"ஆறும் ஒரே கோலம்," என்றார் ஆய்வுக்குப் பொறுப்பான சேர். "கை சரியில்லை பிள்ளை. வீட்டில மீன் வெட்டுற மாதிரி இஞ்ச வெட்டேலாது."

"வீட்டில மீன் வெட்டுறது அம்மா, சேர்."

உண்மையைத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கான ஜெல் வராட்டி, நாற்று எல்லாத்தையும் கொழும்புக்கு அனுப்பிப்போடுவன். அங்க செய்யிற ஆக்கள் இருக்கினம்."

நாற்று போனால் வேலையும் போகும். மிச்சமிருந்த நொதியம் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும்.

கடலோரக் களப்பின் உப்புத் தண்ணீர் ஏறிய வயல் வட்டையில் மற்ற நெல்லெல்லாம் கருகிச் சாக, ஒரு நெல் மட்டும் சாகாமல் நின்றது. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. நெல்லின் ஒவ்வொரு கலத்திலும் ஒரு கரு. கருவுக்குள் நூல்போன்ற டீ.என்.ஏ. புரத உருண்டைகளில் இறுக்கச் சுற்றிக் கிடக்கிறது. அந்தச் சுருளுக்குக் குரோமற்றின் என்று பெயர். உப்புப் பட்டதும் சில இடங்களில் சுருள் தளர்ந்து திறக்கும். நொதியத்தை அளவாக விட்டால் திறந்த இடத்தைத்தான் முதலில் கடிக்கும். கடித்த இடத்தைக் கண்டுபிடித்தால் நெல்லைக் காப்பாற்றும் இடத்தைக் கண்டுபிடித்த மாதிரி. ஆனால் நொதியம் இல்லாத குழாய் முழுசாக நிற்கும்வரை எந்தக் கடியையும் நம்ப முடியாது.

இதையெல்லாம் உட்கார்ந்து கேட்க அவளுக்கு ஓர் ஆள் இல்லை. கூடப் படித்தவர்கள் கட்டாருக்கும் கலியாணத்துக்கும் போய்விட்டார்கள். குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மாவுக்குத் தெரிந்தது, மகள் நெல்லுக்கு டொக்டர் என்பது மட்டும். ஒருமுறை அப்பாவுக்கு விளங்கப்படுத்த, சுருட்டிய வலையையும் அதைக் கடிக்கும் நண்டையும் உவமை சொன்னாள். "அப்ப நண்டும் வளக்கிறீங்களா அங்க?" என்று கேட்டார்.

சேர் போனபின் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசித்தாள். இலை அரிந்த பிளேட் புதுசு. நொதியத்தைக் குலுக்கவில்லை, மெல்லக் கவிழ்த்துத்தான் கலந்தாள். பிறகு நினைவுக்கு வந்தது: ஐசிலிருந்து எடுத்தபோது குழாய்கள் வெள்ளையாக உறைந்திருந்தன. உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, ஒன்றும் யோசிக்காமல் வேலையைத் தொடர்ந்தாள். வெறும் ஐசில், கருக்கள் மிதக்கும் அந்தக் கரைசல் உறையாதே!

ஆய்வுகூடத்தின் ஐஸ் மெஷின் பழுது. பனிச்சங்கேணியில் இறால் பிடிக்கிற அப்பா தங்கராசாதான் பஸ்ஸில் ஐஸ் போட்டு விடுவார். அவர் அனுப்பிய றெஜிபோம் நுரைப்பெட்டி இன்னும் மூலையில் கிடந்தது. மூடியைத் திறந்து, கரைந்த தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். இங்கே எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவளே அவள்தான்.

கரித்தது. உடனே அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, ஐசுக்க உப்புப் போட்டீங்களா?"

"ஓம் புள்ள, பின்ன? இவ்வளவு தூரத்துக்குச் சும்மா ஐஸ் தாங்குமா? இறாலுக்குப் போடுறத விடக் கூடத்தான் போட்டன். நல்லா விறைச்சி இருந்திச்சா?"

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும், திட்டுவதற்காக வைத்திருந்த சொல்லை விட்டுவிட்டாள்.

"நல்லாத்தான் விறைச்சிருந்திச்சு. அதாலதான் பழுதாப் போச்சு. உப்புப் போட்டா ஐஸ் இன்னும் குளிரும் அப்பா. என்ட சாமான் உறைஞ்சி வெடிச்சிட்டு. வெடிச்சா, இலைக்க இருக்கிற நொதியமே பூந்து எல்லாத்தையும் திண்டுரும்."

அந்தப் பக்கம் அவர் தோணி எஞ்சினை நிறுத்துவது கேட்டது.

"அப்ப நானா புள்ள கெடுத்த?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. "ஓம். உறைஞ்சத பாத்துப்போட்டு நானும் பேசாம இருந்தன். ரெண்டு பேரும்தான்."

"மறுகா என்ன செய்ய?"

"நாளைக்கு ஒரு பெட்டி அனுப்புங்க. உப்பில்லாம."

"கரைஞ்சிருமே."

"கரையட்டும். தண்ணியும் ஐசுமாக் கிடந்தாத்தான் எனக்குச் சரி."

அடுத்த நாள் காலை, சந்தியில் கொண்டக்டர் பெட்டியை இறக்கினார். பெட்டி ஒழுகி, அவர் காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. "தங்கச்சி, உள்ளுக்க களப்பையே அனுப்பி இரிக்காரா உங்கட வாப்பா? பஸ்ஸில ஏறின சனமெல்லாம் என்னையல்லவா பாக்குது!"

பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவில் உமி. எல்லாவற்றையும் சுற்றி, அப்பா கடலுக்குப் போடும் மழைக்கோட்டு. உள்ளே பாதி தண்ணீர், பாதி ஐஸ். முதல் வேலையாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பில்லை, வெறும் பச்சைத் தண்ணீர்.

இலைகளைப் பிளேட்டால் பொடிப்பொடியாக அரிந்தாள், வடித்தாள், கருக்களை ஆறு குழாய்களில் பிரித்தாள். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எதுவும் உறையவில்லை. மிஞ்சியிருந்த நொதியத்தை ஐந்து குழாய்களுக்கு விட்டாள். நல்லதோ கெட்டதோ, பார்க்க யாரும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெல்லில் முதல் வரிசை உச்சியில் அப்படியே நின்றது. மற்றவை படிப்படியாக இறங்கின. மேசையில் விழுந்து அழலாம்போல இருந்தது. சேர் வந்து குனிந்து பார்த்தார். "ம். நாற்று இஞ்சயே நிக்கட்டும்," என்றார். போனபோது கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

இருட்டறையில் அவளும் ஜெல்லும்தான். போனில் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது.

"புள்ள, படம் வந்திச்சு. ஒரே இருட்டாக் கிடக்கு. வெளியில வெளிச்சத்துல வெச்சு இன்னொருக்கா எடுத்து அனுப்பு."

வெளிச்சத்தில் வைத்தால் அதில் ஒன்றுமே தெரியாது. எழுதத் தொடங்கினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். கடைசியில், "ஐஸ் நல்லா இருந்திச்சு அப்பா" என்று மட்டும் அனுப்பினாள்.