வெறும் இஞ்சிதான்

மாத்திரையை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் சத்தம் வராது. உரலில் இஞ்சி இடித்த கையோடு செய்துவிட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இந்த வித்தையை மருமகளுக்குப் பயம்தான் கற்றுக்கொடுத்தது. பொடியை டீயில் போடுவாள். கசப்பு தெரியாமலிருக்கத் தேனும் இஞ்சிச் சாறும் தாராளமாக விடுவாள். டம்ளரை மாமனாரிடம் கொடுத்துவிட்டு, அவர் முதல் வாய் விழுங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நிற்பாள்.

மாமனார் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். கிளட்சை மிதித்து மிதித்தே இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை வாங்கிவந்த அன்றே குப்பையில் போட்டார். மாமியார் கைநிறைய மாத்திரை தின்றும் போய்ச் சேர்ந்துவிட்டாள்; இனி இந்த வீட்டில் மாத்திரை என்ற பேச்சே கூடாது என்று, அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். இருமலுக்கு மிளகும் தேனும், தலைவலிக்குச் சுக்குப் பற்று, வயிற்று உப்புசத்துக்கு ஓமத் தண்ணீர், முட்டிக்கு இஞ்சி டீ. இருமலும் உப்புசமும் அவர் சொன்னபடி கேட்டன. முட்டிதான் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் கழிவறையிலிருந்து எழ முடியாமல், கூப்பிடவும் வெட்கப்பட்டு, அவர் உள்ளேயே விசும்புவது அவள் காதில் விழுந்தது. பெற்ற தகப்பன் அழுதிருந்தாலும் அவளுக்கு அப்படி வலித்திருக்காது. குப்பையிலிருந்து எடுத்து ஒளித்துவைத்திருந்த மாத்திரை அட்டையை அன்றைக்குத்தான் பிரித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு, அதுவும் சில நாளைக்கு மட்டும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் கலந்துகொடுக்க அந்தக் காலை டீயை விட்டால் வேறு வழி ஏது? அட்டை தீர்ந்ததும் பழைய சீட்டைக் காட்டி இன்னொன்று வாங்கினாள்.

மாமனார் எழுந்தார், நடந்தார், மாடிப்படி ஏறினார். அதோடு விட்டாரா? இஞ்சி டீயின் புகழைத் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். இஞ்சி வைத்தியர் என்று பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. மாடி வீட்டுத் தையல்காரர் அவருக்கு முதல் சீடர். விரல் மூட்டெல்லாம் வீங்கி, ஊசியில் நூல் கோக்கவே தடுமாறுகிற மனிதர். வைத்தியர் பேச்சைக் கேட்டுத் தன் மாத்திரையை நிறுத்திவிட்டு அவரும் இஞ்சி டீயில் இறங்கினார். வீக்கம் வடியவில்லை. இஞ்சியை இடிக்கிற பக்குவம் போதாது என்று மாமனார் அவரைக் கடிந்துகொண்டார். அதைக் கேட்ட மருமகள், தையல்காரரைத் தனியே பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை படியேறினாள். இரண்டு தடவையும் பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கு எது சரியாகத் தெரிகிறது, எது தெரியவில்லை என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவள். மாமனாருக்குக் கண்ணாடி செய்துகொடுத்ததும் அவள்தான். கழற்றினால் எங்கேயாவது வைத்துவிடுகிறார் என்று கழுத்தில் மாட்டக் கயிறு போட்டுக்கொடுத்ததும் அவள்தான். கண்ணாடி எந்நேரமும் மார்பில் தொங்க, அதன் கூட்டை எதற்குச் சட்டைப்பையில் சுமக்கிறார் என்று அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஒருநாள் அவசரத்தில் மாத்திரை கலக்க மறந்துபோனாள். அன்றைக்கும் அவர் குதிரை மாதிரிதான் நடந்தார். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். முந்தின நாள் மாத்திரை இன்னும் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அதற்கும் ஓமத் தண்ணீர்தான். சோறு இறங்கவில்லை, முகம் வெளுத்தது. கறுப்பாகப் போகிறது, மிளகு கூடிப்போச்சு போல என்று ஒருநாள் மகனிடம் சாதாரணமாகச் சொன்னார். மருமகள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் தேடிப் படித்தாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படிப் போகலாம் என்று போட்டிருந்தது. பாதி வேலையில் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வாசலிலேயே தையல்காரர் எதிரே வந்தார். மாமனார் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். கட்டிலைச் சுற்றி மகன், மருமகள், தையல்காரர். தையல்காரர் கையில் பிளாஸ்க். அதற்குள் இஞ்சி டீ. வைத்தியருக்கென்றே பக்குவமாக இடித்துப் போட்டதாம்.

டாக்டரம்மா குனிந்து, வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

"மாத்திரையே தொட்டதில்லைங்க. இஞ்சி டீ மட்டும்தான்" என்றார் மாமனார், இருக்கிற கொஞ்ச உயிரையும் கூட்டி. தையல்காரர் அதற்குத் தலையாட்டிச் சாட்சி சொன்னார்.

டாக்டரம்மா யோசனையோடு நிமிர்ந்தார். அப்படியென்றால் வேறு காரணம் தேட வேண்டும், கட்டி ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றார். மகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

சொன்னால் இந்த வீட்டில் மருமகளுக்கு இனி என்ன பெயர்? டீயில் எதையோ கலந்து மாமனாரைச் சாகக் கிடத்தியவள். சொல்லாமல் விட்டால் இல்லாத கட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள், மனிதர் போயே போய்விடுவார்.

"நான்தான் டாக்டர். தினமும் காலையில டீல ஒரு வலி மாத்திரை பொடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். வெறும் வயித்துல. அவருக்குத் தெரியாது."

பிளாஸ்க் மூடி தரையில் விழுந்து உருண்டது. எடுக்க யாரும் குனியவில்லை. கணவன் அவளை முன்பின் தெரியாதவளைப் போலப் பார்த்தான். "எங்கப்பாவுக்கு நீ…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டான். முடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டரம்மா மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டுக்கொண்டார். வெறும் வயிற்றில் அது புண் பண்ணக்கூடியதுதான், இருந்தாலும் இவ்வளவு ரத்தம் போயிருக்கிறதே என்று இழுத்தார். ஒன்றுதானா, நன்றாக ஞாபகம் இருக்கிறதா என்று திரும்பவும் கேட்டார். ஒன்றுதான் என்றாள். கேட்டவர்கள் யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்.

"அவள ஏன் குடையறீங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அவ போட்டது ஒண்ணுதான். இன்னொண்ணு நான் போட்டுக்கிட்டேன்."

யாருக்கும் புரியவில்லை.

"கண்ணாடிக் கூட்டுல இருக்கு, பாரு."

மகன் அவர் சட்டைப்பையிலிருந்து கூட்டை எடுத்துத் திறந்தான். பாதி தீர்ந்த அட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. அவள் கலக்கும் அதே மாத்திரை. காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர், மூன்று தெரு தள்ளி முகம் தெரியாத கடையில் வாங்கியிருக்கிறார். ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, சாயங்காலமானால் முட்டி திரும்பவும் வலிக்கிறது, மாடிப்படியில் நொண்டினால் மானம் என்னாவது? தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மாமனார் அவர் பக்கம் திரும்பி, நாளைக்கே உன் டாக்டரைப் போய்ப் பாருய்யா என்று மட்டும் சொன்னார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல்காரர் மூடியில்லாத பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வெளியே போனார்.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்ததில் புண்தான், கட்டி இல்லை. பிழைத்துக்கொண்டார். வயிற்றுக்கு மருந்து, முட்டிக்குப் பூச ஒரு களிம்பு, கொஞ்சம் உடற்பயிற்சி. வலி மாத்திரையை இனி நினைத்தும் பார்க்கக்கூடாது என்றார்கள். புண் ஆறிய பிறகு, சாப்பிட்ட வயிற்றில் லேசாக டீ குடிக்கலாம் என்றும் அனுமதித்தார்கள்.

அனுமதி கிடைத்த அன்று மருமகள் டீ போட்டாள். கணவன் இன்னும் அவளோடு சரியாகப் பேசவில்லை. மாமனாரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கலப்பில்லாத டீயை டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"வெறும் இஞ்சிதான் மாமா. கொஞ்சம் தேன்."

"நீ ஒரு வாய் குடி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை மேசைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, திறந்து, அவள் பக்கமாக நீட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை நீட்டிய கையை மடக்காமல் இருந்தார். அப்புறம்தான் டீயைக் குடித்தார். இஞ்சி பத்தவில்லை என்று முணுமுணுத்தார்.

குடித்து முடித்ததும் நாற்காலியின் கைகளை ஊன்றி எழப் பார்த்தார். முட்டி மடங்கியது மடங்கியபடி நின்றது. திரும்பவும் ஊன்றிப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார், யாருமில்லை.

"கையக் குடும்மா" என்றார். "வலிக்குது."