பதிமூன்று புள்ளி எட்டு வோல்ட்

ரெவா ஹாம்ரிக் தன் அப்பா டென்சிலின் ரேடியோவை அழுக்குத்துணிக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து என் ரிப்பேர் மேஜையில் இறக்கியபோது காலை பத்து மணி இருக்கும். டென்சிலைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ரேடியோவுக்கு மேலே, சுருட்டி ரப்பர் போட்ட ஒயரின் நுனியில், ஒரு மரத்துண்டில் பொருத்திய அழைப்புமணிப் பொத்தான் கிடந்தது. அந்தப் பொத்தானை நான்தான் செய்து கொடுத்தேன். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவளுக்குக் காப்பி ஊற்றப் போனேன்.

"காப்பி இருக்கட்டும்ணே. இது அப்பா போன அன்னைக்கு வேலை செஞ்சுதா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க."

"இப்ப எதுக்கும்மா அது?"

"அப்பா கூப்பிட்டிருந்தா நீங்கள்லாம் ஓடி வந்திருப்பீங்க. யாரும் வரல. அப்ப ஒண்ணு இந்தப் பெட்டி செத்துப் போயிருக்கணும். இல்லன்னா அவரு கூப்பிடவே இல்ல, போதும்னு கெடந்துட்டாரு. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும்."

மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கோ ஒன்பது நாளாக அந்த மூன்றாவது மட்டும்தான் தோன்றிக்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் காய்ந்து, என் மனைவி அதை எடுத்து நாய்க்குப் போட்டுவிட்டு, "டென்சிலுக்கு எழுவத்தொன்பது வயசு லோவெல், நீ ஏன் இப்படிக் கெடக்குற?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

வெஸ்ட் வர்ஜீனியாவின் இந்த மலையிடுக்கில் கைபேசிக்கு இன்றுவரை சிக்னல் கிடையாது. லாரியில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று சிபி ரேடியோ வைத்திருக்கிறோம். பதினான்காம் சேனல் எங்களுடையது. பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும்; ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. டென்சிலின் பெயர் தேனீப்பெட்டி. அவர் தேனீ வளர்த்தவர் இல்லை. எழுபதுகளில் வாங்கிய அவருடைய வீட்டுச் செட்டில் பவர் சப்ளையில் மின்சாரத்தை வடிகட்டும் கண்டென்சர் வருடக்கணக்காகக் காய்ந்துகொண்டே வந்து, வீட்டு மின்சாரத்தின் உறுமல் அவர் குரலோடு சேர்ந்து எல்லோர் ரேடியோவிலும் கேட்கும். ஙொய் என்று ஒரு சத்தம். அவர் பொத்தானை அழுத்திய மறுநொடியே, வாயைத் திறப்பதற்கு முன்பே, "வாங்க தேனீப்பெட்டி" என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நாள் மைக்கைப் பிடித்துப் பேச முயன்றார். வந்ததெல்லாம் முனகல். அதை நாங்கள் அத்தனை பேரும் கேட்டுவிட்டோம் என்று அவர் அழுததாக ரெவா சொன்னாள். அதனால்தான் மைக்கைக் கழற்றிவிட்டு, இடது கையால் அழுத்துகிற மாதிரி அந்த அழைப்புமணிப் பொத்தானை வைத்துக் கொடுத்தேன். ஒரு அழுத்து என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. "தேனீப்பெட்டி, மழை வருமா?" என்று கேட்டால் ஙொய் ஙொய் என்று இரண்டு வரும். காலை ஏழு மணிக்கு அவராகவே ஒரு ஙொய் கொடுப்பார், நாங்கள் வணக்கம் சொல்வோம். அந்த மனிதருக்கு மிச்சமிருந்த குரல் அந்தப் பழுதுதான். இதை எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்டோபரில் ரெவாதான் கேட்டாள். உறுமல் அதிகமாகி மற்றவர்கள் பேசுவது அவருக்குக் காதில் விழவில்லை, பிறந்தநாளுக்குள் சரிசெய்து தர முடியுமா என்று. நான் வீட்டுக்கே போனேன். செட்டின் பிளக்கைப் பிடுங்கியதும் டென்சில் இடது கையை நீட்டி அதன் மூடி மேல் வைத்தார். எடுக்கவே இல்லை. "தூக்கிட்டுப் போயிடுவோம்னு பயப்படுறாரு," என்றாள் ரெவா. "புதுசு மாதிரி ஆக்கித் தரேன் பெரியவரே," என்று சொல்லி, அவர் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

வேலை என்னவோ அருமையாக வந்தது. மேல்பக்கம் உப்பிப் போயிருந்த கண்டென்சரை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். டயோடுகளையும் மாற்றினேன். கீழே பொரிந்து கிடந்த ஒரு ரெசிஸ்டரை, யாரும் கேட்காமலே, மாற்றினேன். பதிமூன்று புள்ளி எட்டு வோல்ட், மீட்டர் முள் அசையாமல் நின்றது. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன், ஒரு ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் அவர் இருந்தார். காலை ஏழு மணி ஙொய் வரவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. நாங்களே முந்திக்கொண்டு கூப்பிட்டோம், அவர் அழுத்தினார், யாரும் பேசாதபோது எங்கள் ரேடியோக்களில் ஓடும் இரைச்சல் ஒவ்வொரு அழுத்துக்கும் நின்று நின்று வந்தது, பதில் புரிந்தது. கேள்வி எங்களுடையதாக இருந்தவரை எல்லாம் சரியாகவே நடந்தது.

பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. பத்தரை மணி. நான் இதே மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என் செட்டின் இரைச்சல் சட்டென்று நின்றது. சிக்னலைக் காட்டும் முள் ஏறி நின்றது, பேச்சு இல்லை. இது எங்களுக்குப் பழக்கம். நிலக்கரி லாரி ஓட்டுகிறவன் எவனாவது மைக்கை இருக்கையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிடுவான். அவன் எழுந்திருக்கும்வரை சேனலே ஊமை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். இரைச்சல் வந்தது, மறுபடி நின்றது. ஆர்லி முந்திக்கொண்டான். ஆர்லி பாலத்துக்கு அந்தப் பக்கம் பன்றி வளர்க்கிறவன், வாய்க்குப் பூட்டு இல்லாதவன். "யாருப்பா அது மைக்கு மேல உக்காந்திருக்கிறது? பின்னாடியக் கொஞ்சம் தூக்கு சாமி, எங்களுக்கு மூச்சு முட்டுது," என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் என் பங்குக்கு மைக்கை எடுத்தேன்.

"ஏன்டா, வேணும்னே பண்றியா?"

உடனே இரண்டு முறை இரைச்சல் நின்று வந்தது. இரண்டு அழுத்து.

"பாத்தியா, நக்கல் பண்றான்," என்றான் ஆர்லி. நான் சிரித்தேன். கடவுள் சாட்சியாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு, எரிச்சலாக இருக்கிறதே என்று சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். முள் மட்டும் அவ்வப்போது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்குப் பிறகு ஏறவில்லை. பள்ளிக்கூடச் சமையலறை வேலையை முடித்துக்கொண்டு ரெவா வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. அவர் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். மதியம்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கையில் அந்த மரத்துண்டு இருந்ததாம். அடக்கத்தன்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் வண்டியை ஓரம்கட்டி வாந்தி எடுத்தேன். ஆர்லிக்கு இது தெரியாது. உறுமலை எடுத்தவன் நான் என்பதால், அன்று அழுத்திக்கொண்டிருந்தது யார் என்று கணக்குப் போட எனக்கு மட்டுமே முடிந்தது.

ரெவா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். மூடியின் திருகுகளைக் கழற்றினேன். என் புது கண்டென்சர் உள்ளே பளபளவென்று நின்றது. இதற்குள் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். பெட்டி செத்துப்போயிருந்தது, என் வேலை சரியில்லை, என்னைத் திட்டு. திட்டிவிட்டுப் போனால் அவளால் வாழ்ந்துவிட முடியும். காப்பி டப்பாவிலிருந்து எரிந்துபோன ஒரு ஃபியூஸை எடுத்து உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டேன். முப்பது வருடமாக இந்த வேலை பார்க்கிற கை. சோதிப்பது போல நல்ல ஃபியூஸைக் கழற்றி, கெட்டதைப் போட்டு, பிளக்கைச் செருகி சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரியவில்லை.

"ஃபியூஸ் போயிருக்கும்மா," என்று அதைக் கழற்றி நீட்டினேன். "பவர் சப்ளைல ஏதோ ஷார்ட் ஆகி, அன்னைக்கே போயிருக்கு. என் தப்புதான். நான் சரியாப் பாக்கல. அவரு கூப்பிட்டிருப்பாரு, பெட்டிதான் கைவிட்டிருச்சு."

அவள் ஃபியூஸை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளே கம்பி அறுந்து, கண்ணாடி கறுத்திருந்தது.

"நான் வந்தப்ப லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சுண்ணே."

"எந்த லைட்டு?"

"இதுலதான். பச்சை லைட்டு. ஆம்புலன்ஸ் வந்துட்டுப் போனப்புறம் நான்தான் அணைச்சேன்." ஃபியூஸை என் பக்கம் மேஜையில் உருட்டிவிட்டாள். "நல்லதப் போடுங்க."

என் காது மடல் சுட்டது. திருடிப் பிடிபட்டவன் மாதிரி இருந்தேன், திருடனேதான். நல்ல ஃபியூஸைப் போட்டேன். ஆனால் அப்போதும் ஒரு நப்பாசை விடவில்லை. உண்மையாகவே ஒரு பழுது இருக்கக் கூடாதா? விளக்கு எரிந்தாலும், அழுத்தும்போது வோல்ட் படுத்துவிடுகிற செட்டுகளை எத்தனை பார்த்திருக்கிறேன். நூறு வாட் பல்பை நடுவில் இணைத்துக் கரண்ட் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும். எரி, எரி என்று வேண்டினேன். பழுது வேண்டும் என்று ஒரு மெக்கானிக் வேண்டிக்கொண்டது உலகத்திலேயே அன்றுதான் இருக்கும். பல்பு ஒரு முறை மினுக்கிவிட்டு மங்கிப் போனது. பல்பை எடுத்துவிட்டு நேராக இணைத்து, மீட்டரை வைத்தேன். பதிமூன்று புள்ளி எட்டு. ஆன்டெனா ஒயரைச் சொருகிப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். பதிமூன்று புள்ளி எட்டு. மேஜையை ஒரு குத்துக் குத்தினேன், எங்காவது சால்டர் ஒட்டு விட்டிருந்தால் அசையட்டும் என்று. அசையவில்லை. என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

"வேலை செய்யுது," என்றாள் ரெவா.

"ஆமாம்மா."

"அப்ப அவரு கூப்பிடல."

இதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அப்பா தானாகவே போய்விட்டார் என்ற துக்கத்தோடு அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அவள் அதற்குள் மரத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் அழுத்துகிற மாதிரியே இடது கைக் கட்டைவிரலை அந்தப் பொத்தான் மேல் வைத்துவிட்டாள்.

அலமாரியில் என் செட்டின் இரைச்சல் நின்றது. முள் கடைசிவரை ஏறி நின்றது. அறை அமைதியானது. ரெவா தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள், எப்போது வரும் என்பது போல.

"அந்தச் சத்தம் எங்க?"

"எடுத்துட்டேன்ல. அதான நீ கேட்ட."

"இல்ல, அவரு அழுத்தினா உங்களுக்கெல்லாம் என்ன கேக்கும்?"

நான் அலமாரியில் ஏறி நின்ற முள்ளைப் பார்த்தேன்.

"இவ்வளவுதானா? ஒண்ணுமில்லாத மாதிரி?"

அவள் விரலை எடுத்தாள். இரைச்சல் வந்தது. மறுபடி வைத்தாள், நின்றது. சின்னக் குழந்தை சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது போல மூன்று நான்கு முறை செய்தாள். அதன் பிறகு நீளமாக ஒன்று அழுத்தினாள். அவள் முகத்தில் மெதுவாக ஏதோ கூடிக்கொண்டு வந்தது. நிறுத்து என்று சொல்ல வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை அந்த வீட்டில் ஒருவருடைய விரல்களைப் பிரித்து எடுத்தவன் நான். என் கை எழவில்லை.

அவள் விட்ட இடைவெளியில் ஆர்லியின் குரல் வந்தது. அவன் குரலில் எப்போதும் பாதிச் சிரிப்பு இருக்கும்.

"வந்துட்டான்யா மறுபடியும். அந்தச் செவ்வாக்கிழமை வந்த அதே ஆளு. ஏப்பா, எந்திரிப்பா மைக்க விட்டு. நாள் முழுக்க அங்கயே குடியிருக்கப் போறியா?"

ரெவா அலமாரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 'செவ்வாக்கிழமை' என்ற சொல் அவள் உதட்டில் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"காது கேக்குதா இல்லையா? வேணும்னே பண்றியா?" என்றான் ஆர்லி.

அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். முள் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. பிறகு மரத்துண்டை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அந்த இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். என் மைக் என் கைக்கெட்டும் தூரத்தில் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.