பெற்றான், பெற்றான்

மனித குலத்தில் பயம் என்ற ஒன்றே இல்லாமல் பிறந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

வேதாகமம் வைத்திருந்தால் சிறை என்று சட்டம் வந்தபோது, எங்கள் சபையார் மிச்சமிருந்த ஒரே பிரதியைப் பிரித்து ஆளுக்கோர் அதிகாரம் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்துவிட்டுத் தாளை எரித்துவிட வேண்டும். எனக்கு, ஜெபத்தை விடாத பக்தனைச் சிங்கக் குகையில் போடும் அதிகாரம் வந்தது. ஆளறிந்து கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு வந்தது வம்ச வரலாறு. இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான். கதையும் கிடையாது, சிங்கமும் கிடையாது.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. ஒரு தலையணை உறைக்கு ஒரு பெயர் என்று முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அதே முணுமுணுப்பு. நான் சும்மா இருப்பேனா?

“கண்டக்டர் சில்லறையைப் பெற்றான், சில்லறை டிக்கெட்டைப் பெற்றது, டிக்கெட் செக்கரைப் பெற்றது...” என்று அவள் ராகத்திலேயே பின்னால் போவேன்.

“பேசாம போடா. உன்னால விட்டுப்போச்சு, மறுபடி முதல்லேருந்து வரணும்.”

“இந்தப் பட்டியலை மறந்தா யாருக்குக்கா நஷ்டம்?”

“அதுல பேரு இருக்கிறவங்களுக்கு.”

“நானா இருந்தா இப்படி முணுமுணுக்க மாட்டேன். அதிகாரி மூஞ்சிக்கு நேரா சத்தமா சொல்லுவேன்.”

“சொல்லு ராசா. முதல்ல கரப்பான்பூச்சியைப் பார்த்துக் கட்டில்ல ஏறாம இரு.”

அது சம்பந்தமே இல்லாத பேச்சு.

அக்காவின் முணுமுணுப்பைப் பற்றிச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் புகார் எழுதினார். போலீசார் வந்து அக்காவைக் கூட்டிப்போனார்கள். மறுநாள் காலை என்னையும் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிங்கம் மாதிரியெல்லாம் இல்லை. சளிபிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என் கல்லூரி அடையாள அட்டை அவர் கையில் இருந்தது.

“தம்பி, நீயும் அந்தக் கூட்டம்தானா?”

“நானா? சேச்சே, இல்ல சார்.”

“அப்ப உங்க அக்கா என்ன முணுமுணுக்கிறாங்க?”

“அவங்களுக்கு மூளை கொஞ்சம் சரியில்ல சார். சும்மா பேரு பேரா சொல்லிட்டிருப்பாங்க.”

அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். சில நாள் அப்படி வைத்தும் பார்த்தேன், நிற்கவில்லை. அவர் எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர் இன்னொரு தாளை நீட்டினார்.

“பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

எழுதினேன். எழுத்துப்பிழைகூட இல்லை.

அக்காவைச் சிறைக்கு அனுப்பவில்லை. அதே ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் சேர்த்தார்கள். ‘நான் சொன்னதெல்லாம் வெறும் உளறல்’ என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். “உளறல் இல்ல, வேதம்” என்றாளாம். நர்ஸ் சொன்னார்.

அவளைப் பார்க்கப் போக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. என் கையெழுத்தை அவளிடம் ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சாப்பிட்டியாடா?” என்றாள். நாக்கு தடித்து, சொல் குழறியது. “மாத்திரை குடுக்கிறாங்க. பேரெல்லாம் கழண்டு கழண்டு போகுது. உசியாவுக்கு அப்புறம் யாருடா?”

எட்டடி தள்ளி, வாசலில் காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிங்கக் குகையில் எனக்கு இரண்டு வரிக்குமேல் மனப்பாடம் ஆகவில்லை. ஆனால் கிண்டல் செய்தே அவளுடைய பட்டியல் முழுதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

“யோதாம்.”

“அப்புறம்?”

காவலர் திரும்பிப் பார்த்தார். சத்தமாகச் சொல்ல வாய் வரவில்லை; நிறுத்தவும் முடியவில்லை. அவள் காதருகே குனிந்து, அடுத்த பெயரிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே போனேன்.