ஈரம் காயாத கண்ணாயி

பெரக்கரை நாட்டுக் கண்ணாயி ஆறு வருடமாகக் காயவில்லை. உச்சந்தலையில் ஊறும் தண்ணீர் நெற்றி, கழுத்து, முழங்கை என்று இறங்கிப் புடவைக் கரையில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. மழையும் இல்லை, வியர்வையும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் உப்பில்லை என்றார்கள். ஒரு நாளைக்கு நான்கு குடம் தேறும். மிளகு காயப்போட்ட களத்துப் பக்கம் அவளை யாரும் விடுவதில்லை. பஸ்ஸில் உட்கார விடமாட்டார்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு எழுபதையும் கம்பியைப் பிடித்து நின்றபடியேதான் இறங்குவாள். ரேஷன் கடை மிஷின் அவள் கட்டைவிரலை ஏற்காது. கடைக்காரர் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து, மூன்றாம் தடவைதான் சர்க்கரை கிடைக்கும்.

இதற்குக் காரணம் எங்கள் மலைமேல் இருக்கும் சபை. அதன் பாஸ்டர் அருள்ராஜ் அடிவாரத்துக்காரர். வந்த வருடமே இருபத்தோரு சட்டம் அச்சடித்து, லேமினேட் செய்து வாசலில் மாட்டினார். பூ வைக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை களை எடுக்கக் கூடாது, சீரியல் பார்க்கக் கூடாது, கோயில் கிடாக் கறியைத் தொடக் கூடாது. இயேசு இதையெல்லாம் எந்த ஊரில் சொன்னார் என்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. இருபத்தொன்றிலும் தேறினால்தான் தை மாதம் ஓடையில் ஞானஸ்நானம். அது எடுத்தவருக்குத்தான் மாத முதல் ஞாயிறு திருவிருந்தில் அப்பம். கண்ணாயி ஆசைப்பட்டது அந்த ஒரு துண்டு அப்பத்துக்குத்தான். ஒன்பது வருடம் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடமும் தட்டு அவள் மூக்குக்குக் கீழே வந்து தாண்டிப் போனது.

அவள் தோற்றது ஒரே சட்டத்தில். புருஷன் கருப்பண்ணன் சபைக்கு வராதவன். ஊர்க் கோயில் நோம்பியில் வெட்டும் கிடாயில் தன் பங்கை இலையில் கட்டிக்கொண்டு வருவான். அவள் குழம்பு வைத்துக் கொடுப்பாள். கேட்டால் மறைக்கவும் மாட்டாள்.

"இந்த வருசமும் கறி ஆக்குனீங்களாக்கா?" ஒன்பதாம் வருடத் தையில் ஓடைக்கரையில் எல்லார் முன்னாலும் பாஸ்டர் கேட்டார்.

"ஆக்குனேனுங்க. மனுசன் பசியோட வந்து உக்காந்தா, அடுப்பப் பத்த வெக்காம சட்டத்தையா படிச்சுக் காட்டறது?"

"அப்ப அடுத்த வருசம் பாக்கலாம்."

கரையில் வேடிக்கை பார்த்த ராதிகா, அப்போது பள்ளிக்கூடத்துப் பெண், "கொழம்பு வாசம் மேலோகம் வரைக்கும் போயிருச்சாட்ட இருக்குது" என்றாள். சிரித்தார்கள். கண்ணாயி திரும்பி நடந்தாள். ஓடையில் கால் நனைக்காதவள் வீடு சேர்ந்தபோது தலையோடு நனைந்திருந்தாள். துவட்டினாள். மறுபடி நனைந்தாள்.

கேள்விப்பட்டு பாஸ்டர் வந்தார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய மனுஷனுக்குச் சந்தேகம்தான் வந்தது. கொண்டைக்குள் ட்யூப் ஒளித்திருக்கிறாளா என்று தன் மனைவி பானுமதியை விட்டுத் தேடச் சொன்னார். துவட்டத் துவட்ட ஏழு துண்டு நனைந்த பிறகு, ஊழியக்காரர் கை வைத்து முக்கியெடுக்காத தண்ணீர் ஞானஸ்நானமாகச் செல்லாது என்று சொல்லிவிட்டார்.

மாடு கட்டிக்கொண்டிருந்த கருப்பண்ணன் திரும்பினான். "ஏனுங்க பாஸ்டரு, உங்க சாமியே ஊத்திட்டாரு. நீங்க இன்னும் எந்த வாளியத் தேடறீங்க?"

அதற்குப் பதில் இருபத்திரண்டாம் சட்டமாக வந்தது: ஈரத்தோடு வருகிறவர் பாயில் உட்காரக் கூடாது. கண்ணாயி வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள், ஐந்து வருடம். ஒருத்தியை அப்படி உட்கார வைத்துவிட்டு, ஆண்டவர் அன்பானவர் என்று கை தட்டிப் பாடினவர்களுக்கு வெட்கம் வேண்டும். பாடினது நாங்கள்தான்.

போன வருடம் தையில் ஓடை சுண்டிப்போய் ஞானஸ்நானம் தள்ளிப்போனது. சித்திரையில் வெறும் பாறை. ராதிகாவோடு ஏழு பேர் எல்லாச் சட்டத்திலும் தேறிக் காத்திருந்தார்கள். மழை வரட்டும் என்றார் பாஸ்டர். திருப்பூர் கம்பெனி வேலைக்குப் புறப்பட வேண்டிய ராதிகா பொறுக்காமல் கண்ணாயி வாசலுக்குப் போய் நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு சிரிக்க வெச்சது நாந்தான்."

"தெரியுங் கண்ணு."

"இத்தன தண்ணி உனக்கு வர என்னக்கா பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணுல சாமி. கொழம்புதான் வெச்சேன்." சொல்லிவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ராதிகா தலையிலிருந்து கால் வரை நனைந்தாள். சாயங்காலத்துக்குள் மற்ற ஆறு பேரும் வந்து நனைந்து போனார்கள்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. பாஸ்டர் தட்டோடு வந்து அந்த ஏழு பேரையும் தாண்டினார், கண்ணாயியையும் தாண்டினார். அப்போது பானுமதி எழுந்தாள். தன் கையிலிருந்த அப்பத்தைப் பிட்டுப் பாதியைக் கண்ணாயியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"சாப்புடுங்க. இதுக்கு இருவத்திமூணாவது எழுதிக்கட்டும்."

அப்பம் தண்ணீரில் கரையத் தொடங்கியது. வழிந்துவிடாமல் கண்ணாயி உள்ளங்கையோடு வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டாள். பாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் ஏழு பேரிடமும் தட்டு திரும்பி வந்தது. அன்றிலிருந்து தாண்டுவதில்லை.

அப்பம் கிடைத்தபின் காய்ந்துவிடுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். காயவில்லை. சபைத் தரையில் தண்ணீர் தேங்கியதால் கருப்பண்ணன் கடப்பாரையோடு வந்து சுவரடியில் ஓட்டை போட்டு, குழாய் பதித்து, வெளியே தண்ணீர் விழும் இடத்தில் சேம்பு நட்டான். அவன் இன்னும் ஆராதனைக்கு வருவதில்லை. கிழங்கு பிடுங்கினால் முதல் கூடையைப் பானுமதியிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் புளி விட்டுக் குழம்பு வைக்கிறாள். பாஸ்டர் சாப்பிடுகிறார்.